இதர செலவினம்

கயிறு, பருத்தி, நான்கு மீட்டர், ஒன்று.
'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று
மூன்று நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
மருத்துவ உபகரணம் என்றால் வரிசை எண் கேட்பார்கள்.
அறைக்கலன் என்றால் கால் இருக்க வேண்டும்.
"கால்நடைத் துறையில் கேளுங்களேன்" என்று
மாவட்ட அலுவலகத்து ஆள் சொல்லி
தானே சிரித்து
போனை வைத்தான்.

நான் கடற்கரைக்காரி.
சிம்போட்டேயில் மீன்மாவு ஆலையின் புகையில் வளர்ந்தவள்.
ஆண்டிஸ் மலையில், மேகத்துக்கும் மேலே,
முதல் மாதம் மூச்சும் முட்டியது
மொழியும் முட்டியது.
சுகாதார நிலையத்தில் புத்தம் புதுக் கட்டில்,
கால்களைத் தூக்கிக் கட்ட இரண்டு இரும்புக் கொம்புகள்,
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.
பதிவேட்டில் பதினேழு கர்ப்பிணிகள்.
கட்டிலுக்கு வந்தவர் எவருமில்லை.

நான் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில்
எயுலோகியா என்றொருத்தி
வீட்டிலேயே பெற்று, உதிரம் நிற்காமல்,
போர்வையில் தூக்கி வரும் வழியில்
பாலத்துக்கு இந்தப் பக்கமே இறந்துபோனாள்.
அவள் பெயருக்கு நேரே
யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்:
வரவில்லை.

ஏன் வருவதில்லை என்று கேட்கப் போனேன்.
சிப்ரியானா, எட்டு மாதம்,
உருளைக்கிழங்கில் மண் தட்டிக்கொண்டே சொன்னாள்:
"உங்கள் வீடு குளிர்.
மல்லாத்திப் போட்டு
ரோமம் கத்தரிக்கும் ஆட்டைப்போலக் கட்டுகிறீர்கள்.
பிள்ளைக்குப் பின்னால் வருவதை
எரிக்கிறீர்கள்.
அது எங்கள் அடுப்படி மண்ணுக்குச் சேர வேண்டியது."
பிறகு என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்து,
"எல்லாவற்றையும் எழுதினாயா?" என்றாள்.

எழுதினேன்.
தலைநகரில் எங்கோ என்னைப்போல் நாலைந்து பேர்
எழுதியிருக்க வேண்டும்.
அடுத்த ஆண்டு சுற்றறிக்கை வந்தது:
நின்றோ, குந்தியோ, மண்டியிட்டோ
அவள் விருப்பம்போல்.
பணம் மட்டும் சுற்றறிக்கையோடு வரவில்லை.

கயிற்றை நானே சந்தையில் வாங்கினேன்.

நிலையத்தின் பின்னால் ஒரு மண் வீடு எழுப்பினார்கள்,
பேறுகாலம் வரை தங்க.
சிப்ரியானா இரண்டாவது சூலில் வந்தாள்,
மூத்தவளோடு, புருஷன் தெயோடோரோவோடு,
மூன்று கினிப்பன்றிகளோடு.
பன்றிகளுக்கு அனுமதி உண்டா என்று
சுற்றறிக்கையில் இல்லை.
இல்லாததால் அனுமதித்தேன்.

ஒன்பதாம் நாள் விடியலில்
பனிக்குடம் உடைந்தது.
உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிக் குந்தினாள்.
தெயோடோரோ பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கினான்.
உத்திரம் முனகியது, அவள் முனகவில்லை.
நான் டார்ச்சோடு தரையில் கிடந்தேன்.
ஐந்து வருடப் படிப்பில்
தரையில் படுக்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
நஞ்சுக்கொடியைப் பால்பவுடர் டின்னில் வைத்துக் கொடுத்தேன்.
தெயோடோரோ தொப்பியைக் கழற்றிவிட்டு
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.
'அகற்றிய கழிவு, எடை' என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டேன்.
இன்னும் அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.
எட்டாம் மாதம் குழந்தையின் விரலில் ஊசி குத்தினால்
ரத்தச் சோகை.
நான் கொடுத்த இரும்புத்தூள் பொட்டலங்கள்
நாய்க்குப் போயிருக்கின்றன.
"பிள்ளைக்குக் கறுப்பாகப் போனது, பயந்துவிட்டேன்.
நாய்க்கு நன்றாக இருக்கிறது."
நாயைப் பார்த்தேன்.
உண்மைதான், பளபளவென்று இருந்தது.

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை ஏறிப் போகிறேன்.
கோழி ரத்தத்தைப் பொரித்து
உருளைக்கிழங்கோடு மசிக்கிறோம்.
தூளையும் அதிலேயே கலந்து
முதல் வாயை நான் சாப்பிட வேண்டும்,
அது அவள் நிபந்தனை.
துணிப்பந்தை உருட்டிவிட்டால்
குழந்தை என்னைப் பார்க்கிறது, பந்தைப் பார்க்கிறது,
நாயைப் பார்த்துத் தவழ்கிறது.
படிவத்தில் இதற்கு
'தூண்டுதலுக்கு எதிர்வினை: ஆம்/இல்லை.'

போன வாரம் உத்திரத்தடியில் நின்று பார்த்தேன்.
கைபடும் இடத்தில் கயிறு கறுத்து,
வியர்வையில் இறுகி,
ஒரு புரி விட்டிருக்கிறது.
உள்ளூர்க்காரிகள் முப்பத்தொரு பேர்,
ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாலு பேர்.

புதுப் படிவம் எடுத்தேன்.
கயிறு, பருத்தி, நான்கு மீட்டர், இரண்டு.
காரணம்: தேய்ந்துவிட்டது.