கீழ் வரி

யங்ஸ்டவுனில் ஹூடாக் அச்சகம்,
மூடிய எஃகு ஆலைக்கு எதிர்ச்சாரி.
ஆகஸ்டு இரண்டாம் வாரம் ஆர்டர் வந்தது:
புல்வெளியில் நடும் பலகை
நாலாயிரம்.
மேல் வரி விட்லோ, பெரிய எழுத்து.
கீழ் வரி க்ராடாக், அதில் பாதி.

பாதிக்கு மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாதென்று
ஸ்கேலோடு வந்து சொல்லிப்போனான்
கட்சி ஆபீஸ் பையன்.
துணை அதிபர் வேட்பாளர்
துணைக்கால் மாதிரி.
தனியே நின்றால் சத்தம் கிடையாது.
பக்கத்தில் நின்றால்
முன்னால் நிற்பவர் கொஞ்சம் நீள்வார்.

மை காயும் முன்னே செய்தி.
கவர்னராக இருந்த காலத்தில் க்ராடாக்
பாலம் கட்டிய கம்பெனியின் ஏரிக்கரை வீட்டில்
ஆறு கோடை தங்கியிருக்கிறார்.
வாடகை, படகு, படகுக்குப் பெட்ரோல்,
மகள் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைக் கூடாரம்,
எதற்கும் ரசீது இல்லை.
பாலத்துக்கு இருந்தது,
இரண்டு மடங்குக்கு.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில்
ஆளுக்கொரு தீர்ப்பு.
"வீடுதானே. பொம்பள விவகாரம் இல்லையே"
என்றார் கட்டிங் மெஷின் வின்ஸ் டிலூக்கா.
"அதுன்னா மன்னிச்சிருப்பேன். இது என் வரிப்பணம்"
என்றாள் டெல்ஃபின் மேயோ.
"எல்லாரும்தான் தங்குறான். இவன் மாட்டிக்கிட்டான்."
"மாட்டிக்கல. மாட்டிவிட்டுட்டாங்க."
"பெரியவர் செத்தாத்தானே இவனுக்கு வேலை?
அதுவரைக்கும் மீன் பிடிச்சிட்டுப் போகட்டுமே"
என்றார் ரேமண்ட் ஸ்லிவா, வாயில் ரொட்டியோடு.
முதலாளி ரோசலிக்கு அபிப்பிராயம் இல்லை.
முன்பணம் வாங்காமல் விட்டதை
நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் விலகினார் க்ராடாக்,
குடும்பத்தோடு நேரம் செலவிடப்போகிறாராம்.
எந்த வீட்டில் என்று
யாரும் கேட்கவில்லை.

புதிதாக வந்தவர் வாண்டர்மோலன்,
மிச்சிகன் செனட்டர், கறை படாத அம்மாள்.
ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து.
எட்டெழுத்து இருந்த இடத்தில்
பதினொன்றை ஒடுக்கி உட்காரவைக்க வேண்டும்.
மறுபடி அச்சடிக்கக் காசில்லை,
ஸ்டிக்கர் போதும் என்றான் பையன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை
டெல்ஃபின் தலையில் விழுந்தது.
கரண்டி முதுகால் காற்றுக் குமிழை விரட்டி விரட்டி
ஒருத்தன் பெயர்மேல் ஒருத்தி பெயர்,
மூன்று நாள், நாலாயிரம் முறை.
எங்கோ ஆயிரத்துச் சொச்சத்தில்
கை ஒரு கணம் நின்றது.
மிச்சப்பட்ட மஞ்சள் வினைலை ஒருமுறை
மகன் சைக்கிளுக்கென்று சுருட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.
ரசீது இல்லை.
அதுவும் இதுவும் ஒன்றா?
ஒன்றில்லை. அவளுக்கே தெரியும்.
ஆனாலும் நின்றது.

அக்டோபர் கடைசியில் ஈரி ஏரிப் பக்கமிருந்து மழை,
நாலு நாள் விடாமல்.
பசை விட்டது.
க்ளென்வுட் அவென்யூ நெடுக
வலது ஓரத்திலிருந்து சுருண்டது வாண்டர்மோலன்.
உள்ளிருந்து எட்டிப் பார்த்தன
பழைய பெயரின் கடைசி நாலு எழுத்து:
டாக்.
படகு கட்டும் துறைக்கு
அந்த ஊரில் அதுதான் பெயர்.
காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றி முட்டச்
சிரித்தார் ஸ்லிவா.

சாயம் வெளுத்தது என்போம் நாம்.
வெளுக்கவில்லை.
ஹூடாக் அச்சகத்தின் மை
எந்த மழைக்கும் வெளுக்காது.
தொல்லையே அதுதான்.

ஜெயித்தார்களா தோற்றார்களா என்று
ரோசலியிடம் கேட்காதீர்கள்.
ஸ்டிக்கர் கணக்குக்கு மூன்று தரம் பில் அனுப்பிவிட்டாள்.
பையனின் போன் எடுப்பாரில்லாமல் அடிக்கிறது.

பிப்ரவரியில், ஆளில்லாத வீட்டு முற்றத்தில்
பிடுங்க மறந்த பலகை ஒன்று.
பனி கீழிருந்துதான் ஏறுகிறது.
ஸ்டிக்கர், அதன் கீழிருந்த பெயர்,
இரண்டும் உள்ளே போய்விட்டன.
மேல் வரி மட்டும்
துடைத்துவைத்த மாதிரி.