ஒரே எழுத்து

தெஹிவளையில், மீன்கடைக்கு மேல்மாடியில்
டொக்டர் மிஹ்லார் என் ஞானப்பல்லைப் பிடுங்கினார்.
நாற்பத்தொரு வயது ஞானம்
இரண்டு வேரும் கொஞ்சம் இரத்தமுமாகத்
தட்டில் விழுந்து ‘டிங்’ என்றது.

"தாடை சின்னது. இடம் காணாது.
சோற்றைக் குழைய விட்டுத் தின்று தின்று வந்த வினை."
என் சமையலைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.
அவர் சொன்னது
முதன்முதலில் நெருப்பில் கிழங்கு சுட்டவர்களை.

பல்லை மாத்திரை உறைக்குள் போட்டுத் தந்தார்.
கைப்பையில் இப்போது
குடை, சில்லறை, அலுவலகச் சாவி,
பத்தாயிரம் தலைமுறை மென்ற மெல்லல்.

ஐந்து மணிக்குக் கொள்ளுப்பிட்டியில்
மானிடவியல் அறிமுகம், ஆறாவது வகுப்பு.
கீழுதடு என்னுடையதாக இல்லை.
திருமதி ஹபுஆரச்சி
பிளாஸ்டர் மண்டையோடு ஒன்றைக் கைமாற்றி விட்டார்.
ரிஸ்மியா தேங்காய் வாங்குபவளைப்போலத் தட்டிப் பார்த்தாள்.
அருட்சகோதரி வலன்டினா
மடியில் துவாய் விரித்து வாங்கிக்கொண்டார்.
என்னிடம் வந்தபோது அதன் கடைவாயைத்தான் பார்த்தேன்:
நான்கு ஞானப்பல்லும் நெருக்கமின்றி,
சனிக்கிழமைப் பின்னேரத்து
பெஞ்சில் சாய்ந்திருப்பவர்கள் மாதிரி.

"குரல்வளை கீழே இறங்கியது,
அதனால் சொல் வந்தது என்கிறார்கள்.
அதனால்தான் சாப்பிடும்போது விக்கிச் சாகவும் செய்கிறோம்.
பேச்சுக்கு நாம் கொடுத்த விலை அது."

பிறகு மழைக்காட்டுக் குகைகள். மரநத்தை தின்றவர்கள்.
கடலைவிட்டு அத்தனை தூரத்தில்
கடற்சிப்பி மணி கோத்தவர்கள்.
ஓய்வுபெற்ற ரயில்வே கிளாக் கை தூக்கினார்:
"மிஸ், அவர்கள் என்ன மொழி?"

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.
இந்த நாட்டில் அது
எலும்பைப் பற்றிய கேள்வி அல்ல.

"நாக்கு கல்லாவதில்லை" என்றார் திருமதி ஹபுஆரச்சி.
சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு,
"தொண்டையில் விரலை வையுங்கள்" என்றார்.
"ஒருமுறை அதிராமல். ஒருமுறை அதிர்ந்து.
உதடு மூடுவது இரண்டுக்கும் ஒன்றுதான்."
வகுப்பே தொண்டையைப் பிடித்துக்கொண்டு
குழந்தைபோல் உதடு கொட்டியது.
என் உதடு மூடவேயில்லை. காற்றுப் போனது.

அந்த இரண்டையும் இங்கே எழுதிக் காட்ட முடியாது.
என் மொழியில் இரண்டும் ‘ப’.

எண்பத்து மூன்றில், பொரளையில்,
அப்பாவிடம் ஒரு வாளியைக் காட்டி
இது என்ன என்று கேட்டார்கள்.
அதற்கு முன்பே, ஐம்பத்தெட்டைக் கேள்விப்பட்டிருந்தவர்,
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
அந்தச் சிங்களச் சொல்லைப் பழகியிருந்தார்.
சரியாகச் சொன்னார். போகவிட்டார்கள்.
தொண்டைக்குள் ஓர் அதிர்வு;
அதன் மறுபக்கத்தில் நான் பிறந்தேன்.
அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவரைப் பற்றி
அப்பா ஒருநாளும் பேசியதில்லை.
அப்பாவுக்குச் சோறு அடிக்கடி விக்கும்.

ஏழு மணிக்கு நூறாம் நம்பர் பஸ்.
கண்டக்டர் கை நீட்டினான்.
எனக்குப் போகவேண்டியது பம்பலப்பிட்டி.
சொல்லிப் பாருங்கள், உதடு இல்லாமல்.
"அம்... ஹம்..."
"கோஹெத?" என்றான். எங்கே?
பின்னாலிருந்தவர்கள் பார்த்தார்கள்.
எனக்கு ஏன் அவ்வளவு வியர்த்தது என்று தெரியவில்லை,
மழையும் பெய்துகொண்டிருந்தது.

உறையைத் திறந்து பல்லைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தான். உடனே,
வெற்றிலை வாயை ‘ஆ’வென்று திறந்து,
இடப்பக்கம், கீழே, கடைசியில்
தன் வெற்றிடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.
பஸ்ஸின் மஞ்சள் வெளிச்சத்தில்
அவன் அண்ணம்வரை எனக்குத் தெரிந்தது.

பம்பலப்பிட்டியில் தானாகவே மணியடித்தான்.
மிச்சக் காசில் பத்து ரூபாய் குறைந்திருந்தது.
கேட்க வாயில்லை.