செப்டம்பர் பதினெட்டின் வெப்பநிலை

காலை ஏழு மணிக்கு
காயே-காயே ஆற்றின் படியில் இறங்கி
வெப்பமானியை முழங்கை ஆழம் விட்டு
மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
வல்தீவியாவில் மழை பெய்யும்,
பெய்துகொண்டே இருக்கும்.
படியில் கடற்சிங்கம் படுத்திருந்தால்
நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.
பத்தொன்பது வருடத்து ஆறு
எங்கள் ஆய்வகத்து அலமாரியில்
நீல அட்டை ஏடுகளாக நிற்கிறது.

செப்டம்பர் பதினெட்டு நாட்டின் திருநாள்.
ஊரே இறைச்சி சுட்டு, பட்டம் விட்டு,
குடித்துக் கிறங்கிக் கிடக்கும்.
முறை வந்தவர் எவரும் ஆற்றுக்குப் போனதில்லை.
ஏட்டில் மட்டும் எண் இருக்கும்.
பத்து புள்ளி எட்டு. பதினொன்று. பத்து புள்ளி ஒன்பது.
முந்தின நாளையும் மறுநாளையும் கூட்டி
இரண்டால் வகுத்தால் வந்துவிடும்;
கொஞ்சம் அசைத்துப் போட வேண்டும்,
ரொம்பச் சரியாக இருந்தால் சந்தேகம் வரும்.
எனக்கு இதைச் சொன்னவன் எலிசேயோ.
அவனுக்கு யார் சொன்னதோ.
நான் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நடைக்கூடத்தில் ஒரு சுவரொட்டி: ‘நேர்மை எங்கள் மரபு.’
ஈரத்தில் ஒரு மூலை கழன்று தொங்குகிறது.
மாதம் ஒருமுறை அறநெறிக் குழு கூடும்.
மாணவர் பிரதிநிதி நான்தான்.
பிஸ்கட் நன்றாக இருக்கும்.

போன வருடம் அய்லின் கெயுபுமிலின் முறை.
இரண்டாம் ஆண்டு. அதிகம் பேசமாட்டாள்.
எண் இருக்க வேண்டிய கட்டத்தில்
மையால் எழுதியிருந்தாள்:
‘போகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தேன்.’
கீழே கையெழுத்து.

கணினி அந்த வரியில் நின்றுவிட்டது.
எண் கேட்டது.
சிரித்தோம்.
பெண்ணுக்கு விவரம் போதாது என்றோம்.
ஒயார்சூன் அம்மையார் ஏட்டை வாங்கிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை,
அறைக்குள் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு எனக்கு அந்தக் கட்டம்
பல் விழுந்த இடம்போல் இருந்தது,
நாக்கு அங்கேயே போய்ப் போய் நின்றது.
விடிவதற்குள் ஆய்வகத்துக்குப் போனேன்,
என் ஏட்டில் நான் விளைவித்த சுரைக்காய்களை
அடித்துவிட்டு வரலாம் என்று.

அலமாரியில் முதல் ஏடு சற்றே வெளியே துருத்தி நின்றது.
எடுத்துப் பிரித்தேன்.
முதல் வருடம், செப்டம்பர் பதினெட்டு,
பத்து புள்ளி ஏழு.
வயிற்றில் கோடு போட்ட அந்த ஏழை
என் ஆய்வுரை ஓரமெல்லாம் பார்த்திருக்கிறேன்.
அதன்மேல் இப்போது ஒரு சிவப்புக் கோடு,
மை இன்னும் மினுமினுத்தது:
‘அளக்கவில்லை. ஒ.’

யாரும் கூட்டம் போடவில்லை.
வாரம் முழுக்க அலமாரி திறந்து மூடும் சத்தம்.
நாற்பத்து மூன்று கோடுகள்.
அச்சுக்குப் போன கட்டுரையைத் திரும்பப் பெற்றோம்;
வரவேண்டிய நிதி வரவில்லை;
ஒருத்தியின் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது,
அவள் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.
அதற்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

எலிசேயோவின் மூன்று எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.
தெற்கே எங்கோ இப்போது அவன் பேராசிரியர்.
கடிதம் போட்டேன், பதில் இல்லை.
இன்னொருவன் பொய்யை நான் அடிக்கலாமா
என்று குழுவில் கேட்டேன்.
அன்று யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

இந்தப் பதினெட்டு என் முறை இல்லை.
ஆனாலும் போனேன்.
அய்லின் ஏற்கெனவே நின்றிருந்தாள்,
குடைக்குள் இன்னும் இருவர்.
படியில் கடற்சிங்கம்.
நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.
ஒன்பது புள்ளி இரண்டு.
அத்தனை குளிரை
எங்களில் எவரும் கற்பனை செய்ததில்லை.