தொண்ணூறு நாள்

மின்கட்டண ரசீதின் முதுகில்
தணிகாசலம் ஒரு நாட்டைக் கூட்டிக் கழிக்கிறார்.
வாடகை இவ்வளவு, இளநீர் இவ்வளவு,
பல் பிடுங்க இவ்வளவு.
கடல் தெரியும் ஜன்னலுக்குத்
தனியாக ஒன்றும் கிடையாதாம்.

செம்பூரில் எங்கள் ஜன்னலுக்குத் தெரிவது
எதிர்வீட்டு ஏசியின் பின்புறம்.
முந்நூற்றெண்பது சதுரடி.
விற்றால் ஒன்றேகால் கோடி.
விற்கிற வரைக்கும்
மேல்வீட்டுக் குளியலறையை அப்படியே குடிக்கும் ஒரு சுவர்.

"டா நாங், வியட்நாம்" என்கிறார்,
ஜலதோஷம் பிடித்தவர் போல.
வெப்ப நாடாம், வருஷம் பூரா வெயிலாம்.
முப்பத்தொரு வருஷமாக இந்த ஊரில்
ரயிலுக்குள் வியர்த்து வழிந்தோமே,
அதை யாரும் ஒரு சௌகரியமாகச் சொன்னதில்லை.

எனக்கும் போகத்தான் ஆசை.
அதுதான் இதில் சங்கடம்.

மந்தா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்,
காது எங்கள் கணக்கில்.
"அங்கே பெருக்கித் துடைக்க எவ்வளவு?"
தேடிப் பார்த்துச் சொன்னார்.
"அவ்வளவுதானா, பாவம்" என்றாள்
முகம் தெரியாத எவளோ ஒருத்திக்காக.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து
வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.
டாக்டர் எவ்வளவு தூரம்?
ராத்திரி பத்துக்கு மேல் ஆட்டோ கிடைக்குமா?
தண்ணீர் தினமும் வருமா, ஒருநாள் விட்டா?
செத்துப்போனால் தூக்க நாலு பேர்?

தணிகாசலம் ரசீதைத் திருப்பிப் பார்த்தார்.
அந்தப் பக்கம்
யூனிட்டும் நிலுவையும்தான் இருந்தன.

மந்தா வாங்கணிக்குக் குடிபோய் ஆறு வருஷம்.
இங்கே அறை பன்னிரண்டாயிரம்,
அங்கே மூவாயிரம்.
மலை தெரியும். மாமரம் உண்டு.
மழைக்குத் தவளை வீட்டுக்குள்ளேயே வரும்.
நாலு ஐம்பதுக்கு லோக்கல்,
குர்லாவில் இறங்கி, ஏறி, மாறி,
எங்கள் காபி டம்ளர் காய்வதற்குள்
இங்கே நிற்பாள்.
"வாடகையை மட்டும்தான் கணக்குப் போட்டோம்.
ரயிலைப் போடவில்லை.
தூக்கத்தைப் போடவில்லை."
குறையாகச் சொல்லவில்லை,
உப்பு கம்மி என்பதுபோலச் சொன்னாள்.

"எத்தனை நாள் இருக்க விடுவார்கள்?"

தொண்ணூறு, என்றார் இவர்.
அப்புறம் எல்லையைத் தாண்டி ஒருதரம் வெளியே போய்,
முத்திரை வாங்கித் திரும்ப வேண்டும்.

மந்தா பர்ஸைத் திறந்தாள்.
பிளாஸ்டிக் உறைக்குள்
மூன்று மாத சீசன் டிக்கெட்,
வியர்வையில் பெயர் பாதி அழிந்தது.
"இதுவும் தொண்ணூறுதான்.
முடிய மூணு நாள் இருக்கும்போதே புதுசு வாங்கிவிடுங்கள்.
கடைசி நாளில் வரிசை தெரு வரைக்கும் நிற்கும்."

தணிகாசலம்
அதையும் எழுதிக்கொண்டார்,
பல் பிடுங்குவதற்குக் கீழே.