தலையெழுத்து

எழுபத்திரண்டு புள்ளிக்குக் கீழே இறக்காதீர்கள் என்று
உரிமப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.
அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.
அதை நான் எட்டுப் புள்ளியில் அச்சிட்டது வேறு கதை.

மூன்று வருடம் வரைந்த எழுத்துரு.
தண்டு என்றால்
துறைமுகத்தில் கப்பலைக் கட்டிவைக்கும் இரும்பு முளை.
குறுக்குக்கோடு என்றால் மயிரிழை.
நடுவில் நின்று சமாதானம் பேச ஓர் அகலமும் கிடையாது.
'ஆர்' எழுத்தின் காலை மட்டும்
ஒரு பிப்ரவரி முழுக்க மடக்கினேன், நீட்டினேன்;
வெளியே போரா காற்று
ட்ரியெஸ்தெ நகரத்துக் குப்பைத்தொட்டிகளை
மலையிலிருந்து கடலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது.

முதன்முதலாக ஓபரா அரங்கின் சுவரில் ஏறியது.
மூன்று மாடி உயரம்.
ஒவ்வொரு மயிரிழையும் என் மணிக்கட்டுப் பருமன்.
எதிர் நடைபாதையில் நின்று
காப்பி ஆறும்வரை பார்த்தேன்,
யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்றும்.

பிறகு ஸ்டென்காவின் பிறந்தநாள்.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே காற்றை அளப்பவள் அவள்;
'வி'யை 'ஏ'வோடு நெருக்கி உட்காரவைத்தது அவள்தான்.
கால்வாய் ஓரம் நெரேயோவின் உணவகம்.
மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தி,
உள்ளங்கை அகலத்தில் விலைப்பட்டியல்,
அதில் எங்கள் எழுத்துரு!
"நம்ம பிள்ளை" என்றாள் ஸ்டென்கா,
கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடியபடி.
கண்ணாடி வீட்டில் இருந்தது.
சுட்ட டர்பட் மீன், பதினொன்று.
பதினொன்றுதானா? அப்படியென்றால் ஆளுக்கொன்று.

பில்லில் நாற்பத்தொன்று, இரண்டு தடவை.

குரலை உயர்த்தினேன். எனக்கு அது நன்றாக வரும்.
நெரேயோ ஒன்றும் பேசாமல்
கைப்பேசி விளக்கைப் பட்டியல்மேல் பிடித்தார்.
முதல் ஒன்றுக்கு இடப்பக்கம்
மெல்லத் தெரிந்தது ஒரு சாய்கோடு,
அதன் காலடியில் ஒரு கிடைகோடு.
இரண்டும் என் கை போட்டவை.
மயிரிழையில் உயிர் வைத்திருந்த 4.
"எந்தப் புண்ணியவதி வரைந்தாளோ,
அவளைப் போய்க் கேளுங்கள்" என்றார்.
ஸ்டென்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
தோள் மட்டும் குலுங்கியது.

கொடுத்தேன். மீதிச் சில்லறையையும் விட்டுவிட்டு வந்தேன்.

வாரக்கடைசியில் கடிதம் போட்டேன், பெயரும் முகவரியும் வைத்து:
சிறிய அளவுக்கென்று தனியாக வரைந்து தருகிறேன்,
கோடுகளுக்குக் கொஞ்சம் சதை போட்டு,
காசு வேண்டாம்.
ஒரே வரியில் பதில் வந்தது.
வேண்டாம் சிஞ்ஞோரா டொரிகோ,
இப்போதுதான் மீன் போகிறது.

அந்த 4 இன்னும் என் திரையில் திறந்துகிடக்கிறது.
சாய்கோட்டுக்கு மூன்று அலகு தடிப்பு ஏற்றிப் பார்த்தேன்.
அறுபது யூரோவை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய 4.
மதியச் சாப்பாட்டுக்குப் பின்
பெல்ட்டைத் தளர்த்திவிட்டவன் போல் நின்றது.

எடுத்துவிட்டேன்.