யானைகளின் எண்ணிக்கை

உயிரியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதால்
கணக்கு வாத்தியார் நான்
காட்டுக்குப் போனேன்.
ஏழாம் வகுப்பு 'இ' பிரிவு, முதலுதவிப் பெட்டி,
ஆளுக்கொரு பணித்தாள்.

மத்திகிரியில் எண்ணினேன். முப்பத்தெட்டு.
தேன்கனிக்கோட்டை டீக்கடையில் எண்ணினேன்.
வாந்தி எடுத்தவனையும் சேர்த்து
முப்பத்தெட்டு.

ஒன்பதாம் மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி
வேனில் ஏறுகிற பிள்ளைகள்.
அப்பா ஒரு ஷிஃப்ட், அம்மா ஒரு ஷிஃப்ட்.
குறையாகச் சொல்லவில்லை.
ஓசூரில் என் வீட்டிலும்
பச்சையாக இருப்பது
பாத்திரம் தேய்க்கும் நார் மட்டும்தான்.

பணித்தாளில் எட்டாம் கேள்வி:
பார்த்த யானைகளின் எண்ணிக்கை, பிறகு ஒரு கோடு.
அந்தக் கோட்டை நிரப்பத்தான்
அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

"நேத்து ராத்திரி வந்துச்சு சார்,
ராகிக் கொல்லையை மேஞ்சிட்டு
கெழக்கால போயிருச்சு"
என்றார் வனக்காவலர் மாதேஷ்.

லத்தி கிடந்தது, காய்ந்து.
சுனில் ரெட்டி குச்சியால் உடைத்தான்.
நார், புளியங்கொட்டை,
மினுங்கும் பிஸ்கட் உறை ஒரு துண்டு.
அது அவன் தினமும் தின்கிற பிஸ்கட்.
குச்சியை மெதுவாகக் கீழே வைத்தான்.

பன்னிரண்டு மணிக்குப்
புளிசாதப் பொட்டலம் பிரிக்குமுன் எண்ணினேன்.
முப்பத்தேழு.
பின்னாலிருந்து எண்ணினேன்.
முப்பத்தேழு.
காட்டில் நின்று பார்த்தால்
ஒன்று எவ்வளவு பெரிய எண்.

காவல் கொட்டகையின் இறவாரத்துக்கு அடியில்,
மழை தொடாத புழுதியில்,
குப்புறக் கிடந்தாள் ஃபர்ஹீன்.
திட்ட வாய் திறந்தேன்.
திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கி
"உஷ்" என்றாள்.
பதினோரு வருட சர்வீசில்
என்னை அப்படி யாரும் அடக்கியதில்லை.

புழுதியில் ஒரு புனல்.
விளிம்பில் வழுக்கிய எறும்பு மேலே ஏறுகிறது.
அடியிலிருந்து யாரோ மண் வாரி எறிகிறார்கள்.
எறும்பு. மண்.
எறும்பு. மண்.
மண்.

"அது குழியானைங்க" என்றார் மாதேஷ்
கைபேசியில் சிக்னல் தேடிக்கொண்டே.
"யானையா?"
அப்புறம் வரிசையாவது ஒழுங்காவது.
முப்பத்தெட்டும் குப்புறப் படுத்தன.
காலையில்தான் இஸ்திரி போட்ட சட்டை.
நானும் படுத்தேன்.

வருடா வருடம் கரும்பலகையில்
ஒரு முக்கோணம், அடியில் ஒரு நசுங்கிய வட்டம்.
இதுதான் கூம்பு, நம்புங்கள் என்பேன்.
நம்பினார்கள், பாவம்.
இங்கே மிளகளவு உடம்பு ஒன்று
பின்னோக்கியே நடந்து நடந்து
அதைக் கவிழ்த்துத் தோண்டி வைத்துவிட்டு
உள்ளே பசியோடு காத்திருக்கிறது.

காட்டுக்கும் ஜியாமெட்ரி பெட்டி கொண்டுவந்திருந்தாள் ஒருத்தி.
ஏனென்று கேட்கவில்லை.
பாகைமானியைப் புழுதியில் நட்டோம்.
ஏறக்குறைய முப்பத்தைந்து.
அடுத்ததும், பொத்தான் அளவே இருந்ததும்
ஏறக்குறைய முப்பத்தைந்து.
"ஏன் சார் எல்லாம் ஒரே சரிவு?"
"தெரியலை" என்றேன்.
வகுப்பறைக்குள் அந்தச் சொல்லை
நான் கொண்டுபோனதே இல்லை.

திங்கட்கிழமை தாள்கள் வந்தன.
எட்டாம் கேள்விக்குச் சிலர் சுழி போட்டிருந்தார்கள்.
ஒருவன் 'லத்தி மட்டும்'.
ஃபர்ஹீன்: இருபத்து மூன்று.
பக்கத்தில் பொடி எழுத்தில்,
'எறும்புகளைச் சேர்க்கவில்லை'.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
ஆண்டறிக்கைக்கு எண்ணிக்கை கேட்டு
அலுவலகத்திலிருந்து ஆள் வந்து நின்றார்.
நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

மதிய இடைவேளையில்
ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால்,
சிமெண்ட் கல் பதிக்க விட்டுப்போன
மூன்றடிப் புழுதியில்
ஏழு பேர் குப்புறக் கிடந்தார்கள், சீருடையோடு.
எட்டிப் பார்த்தேன்.
குழி எதுவும் இல்லை, இன்னும்.
எறும்புகள் இருந்தன.