மூன்றாம் எண் ஜன்னல்

படிவத்தில் கடைசிக்கு முந்தின வரி:
வேறு மருந்துகள் ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா?
ஒரு கோடு போட்டேன்.
பேனா சரியாக எழுதவில்லை என்று
அதன்மேலேயே இன்னொரு கோடு.

முகத்தைக் காட்ட வந்தவளிடம்
மற்றதெல்லாம் எதற்கு?
கன்னம் வேறு, கணையம் வேறு.
பருவுக்கு தாதரில் ஒருவர்,
சர்க்கரைக்கு சயானில் ஒருவர்,
நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன்.
அதை ஒரு வருஷமாக யாரும் கடக்கவில்லை,
என்னைத் தவிர.

பதினாறில் வராத பரு
முப்பத்திரண்டில் வந்தது.
வடாலா ரோடு, மூன்றாம் எண் ஜன்னல்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் தாடை,
அந்தப் பக்கம் மும்பை
சில்லறை கேட்டு நிற்கிறது.
டிக்கெட் கொடுப்பவள் முகத்தை
யார் பார்க்கப்போகிறார்கள் என்பாள் வைஜயந்தி.
பார்ப்பார்கள்.
வாய் பன்வேல் ரிட்டர்ன் கேட்கும்,
கண் என் கன்னத்தில் இறங்கி ஏறும்.

காலையில் சர்க்கரை மாத்திரை.
ராத்திரி, சாப்பிட்டபின், புதுக் காப்ஸ்யூல்,
டம்ளர் நிறையத் தண்ணீர்,
விழுங்கிய உடனே படுக்கக் கூடாது.
எல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தேன்.
பிசகியது அந்தக் கோடு.

ஒன்பதாம் நாள்
மாத்திரையைப் போட்டுக்கொண்டு
இட்லியைக் கட்டிக்கொண்டு ஓடினேன்.
பதினொன்றே முக்கால் வரை
டப்பா காலடியில், திறக்காமல்.

முதலில் திரையில் எழுத்துகள் நகர்ந்தன.
டிசம்பரில் கழுத்தெல்லாம் வியர்வை.
பத்து ரூபாய்க் காசுகள் என் விரல்களுக்குள்
தாமாகவே கலகலத்தன.
ஐம்பதில் இருபது போனால் எவ்வளவு?
பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக
எனக்குத் தெரியவில்லை.

"மேடம், ஜல்தி!"
அவருக்குப் பின்னால்
பள்ளிக்கூடப் பை மாட்டிய பையன் ஒருவன்
என் முகத்தையே பார்த்தான்.
பருவை அல்ல.
"ஆன்ட்டி, உங்களுக்கும் சுகரா?"

உங்களுக்கும்.

காசு தள்ளுகிற பள்ளம் வழியாக
ஆறு ஆரஞ்சு மிட்டாய்கள் உருண்டு வந்தன.
"சப்பாதீங்க, கடிச்சு முழுங்குங்க.
கால் மணி கழிச்சுக் குத்திப் பாருங்க.
அப்புறம் சாப்பிடுங்க."
இந்தியில், யாரோ தினமும் தனக்குச் சொல்வதை
அப்படியே எனக்குச் சொன்னான்.
பையிலிருந்த கருவியை நான் எடுத்தபோதே
ஐம்பத்தாறு.
கால் மணியில் எண்பத்தொன்று.
வரிசை இரண்டாம் ஜன்னலுக்குப் போயிருந்தது,
என்னைத் திட்டிக்கொண்டு.

சாயங்காலம் ஆன்டாப் ஹில் மருந்துக்கடையில்
இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார் துராப் பாய்.
ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில்
மாத்திரைக்கு ஒரு பொருத்தம் பார்க்க
அதுவரை யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.
"இது சில பேருக்கு
அந்த மாத்திரையின் முதுகில் கை வைத்துத் தள்ளும்.
நீ சாப்பாட்டையும் தள்ளிப்போட்டால்?
எதையும் நீயாக நிறுத்தாதே.
இப்போதே, என் முன்னால், போன் போடு."

சயான்காரர் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கினார்,
காப்ஸ்யூல் முடிகிற வரைக்கும்.
காலையிலும் நாலு மணிக்கும் விரலைக் குத்தச் சொன்னார்.
தாதர்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
என் பழைய படிவத்தைத் தேடி எடுத்து
அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
நான் மேஜைமேல் இருந்த
பிளாஸ்டிக் தோலின் மூன்று அடுக்குகளைப் பார்த்தேன்.
எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பாக ரத்தக்குழாய்.

ஆறு வாரத்தில் மூன்று பரு அடங்கின.
தாடையில் ஒன்று புதிது.
போன வாரம் பல் டாக்டர் வீட்டில்
அதே வரி வந்தது.
இடம் போதாமல்
காகிதத்தைத் திருப்பி ஓரத்தில் எழுதினேன்.
பொறுமையிழந்த வரவேற்புப் பெண்
"முடிஞ்சுதா?" என்றாள்.
இன்னும் இல்லை என்றேன்.

அந்தப் பையனை மறுபடி பார்க்கவில்லை.
சீசன் பாஸ் எடுத்திருப்பான்.
டிக்கெட் சுருளுக்குப் பின்னால்
ஒரு டப்பா ஆரஞ்சு மிட்டாய் வைத்திருக்கிறேன்.
வைஜயந்தி நேற்று இரண்டைத் தின்றுவிட்டாள்.
மருந்தைத் திருடினவளைப் போல
அவளோடு சண்டை போட்டேன்.